கடல் கடந்து கற்ற அம்பேத்கார்

பிள்ளைகள் பரீட்சையில் பெறும் எண்களைக் கொண்டே, இவன் மேற்படிப்புக்கு உரியவன், இவன் உரியனல்லன் என்று பெற்றோர் தீர்ப்பளித்துவிடுவது நம் குடும்பங்களில் வழக்கமாக இருக்கின்றது. கையில் பொருளும் குறைந்திருக்குமாயின் அத்தீர்ப்பு இன்னும் விரைந்து வருகின்றது. இவ்விரு குறைகளும் ஒருங்கே நேர்ந்திருந்தும், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உயர்பட்டங்கள் பெற்ற டாக்டர் பீமராவ் அம்பேத்காரின் மாணவப் பருவத்தை இம்மாதம் நம் அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

அவர் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, மௌ என்னும் இராணுவ நகரில், மகார் குலத்தில், சுபேதார் ராம்ஜியின் பதினான்காவது மகவாகப் பிறந்தார். தீண்டாமையின் கொடுமையால் பள்ளியிலும் ஒதுக்கி வைக்கப்பட்டே கற்றார். 1907-இல் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறினார். பெற்றவை 750-க்கு 282 எண்களே. நூற்றுக்கு முப்பத்தெட்டும் நிரம்பாத இத்தொகையைக் கண்டு கடல் கடந்த கல்வியைக் கனவு காண்பவர் எவரேனும் உளரோ? எனினும் பரோடா மகாராஜா சயாஜிராவ் கெயிக்வாட் மாதம் 25 ரூபாய் உதவ, அவர் பம்பாய் எல்பின்ஸ்டன் கலாசாலையில் பயின்று 1912-இல் பி.ஏ. பரீட்சையில் தேறினார்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தந்தை காலமானார். அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் பயில மாதம் 11½ பவுன் வீதம் மூன்றாண்டு உபகாரச் சம்பளம் அளிக்கப் பரோடா சமஸ்தானம் முன்வந்தது. கல்வி முடிந்தபின் பத்தாண்டு சமஸ்தானத்தில் பணிபுரிவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்து, 1913 ஜூலையில் அவர் நியூயார்க் நகரின் கொலம்பியா சர்வகலாசாலையை அடைந்தார். அச்சிறு தொகையிலும் வீட்டுக்கு மிச்சம் பிடித்து அனுப்பினார், உணவைச் சுருக்கினார், பொழுதையெல்லாம் புத்தகசாலையிலேயே போக்கினார். 1915-இல் எம்.ஏ. பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு லண்டன் பொருளாதாரப் பள்ளியை நாடியபோது, அவருடைய உழைப்பை நேரிற் கண்டிருந்த பேராசிரியர் செலிக்மன், லண்டனிலிருந்த பேராசிரியர் பாக்ஸ்வெல்லுக்கு அறிமுகக் கடிதம் அளித்தார். பழைய 282 எண்கள் சொல்ல இயலாததை அக்கடிதம் சொல்லிற்று.

ஆயினும் 1917-இல் உபகாரச் சம்பளக் காலம் முடிந்தது. படிப்பை நடுவில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. புறப்படுமுன், நான்காண்டுகளுக்குள் மீண்டும் வந்து தொடர்வதற்கு அனுமதி பெற்றுக்கொண்டார். வேறு கப்பலில் அனுப்பிய நூல்கள் யுத்தத்தில் கடலில் மூழ்கின. பரோடாவில் உத்தியோகம் கிடைத்தும், சாதியின் காரணமாகத் தங்க ஓர் இடம் கிட்டாமல் பம்பாய்க்கு மீண்டார். 1918 நவம்பரில் சிடன்ஹாம் கலாசாலையில் பேராசிரியராக அமர்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். அச்சேமிப்புடன் கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும், பார்சி நண்பர் நவல் பதேனா கொடுத்த 5,000 ரூபாய்க் கடனும் சேர, 1920-இல் மீண்டும் லண்டன் சென்றார்.

1921-இல் எம்.எஸ்ஸி. பட்டமும், 1922-இல் பாரிஸ்டர் தகுதியும் பெற்றார். ரூபாய் நாணயத்தைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி நூலைத் திருத்தி எழுதுமாறு பரீட்சகர்கள் பணித்தபோது கைப்பொருள் தீர்ந்திருந்தது. 1923-இல் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பி, அவ்வாண்டிலேயே டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. பதினாறு வயதில் பெற்ற எண்கள் ஒருவனுடைய கல்வியின் அளவல்ல. பின்னர் அவன் செய்யும் உழைப்பும், அதனை அறிந்த ஆசிரியரின் சொல்லுமே அவனுக்கு வழி திறப்பன. மற்றொன்று, பொருள் உதவுவோரைப் பற்றியது. இடையில் நின்ற உதவியால் அம்பேத்காரைப் போன்ற ஊக்கமுடையவருக்கே மூன்றாண்டுகள் கழிந்தன. அத்துணை ஊக்கமில்லாத பிள்ளையின் கல்வியோ அதனோடு முடிந்தே போகும். ஆதலின் நம் இல்லங்களிலாயினும் சங்கத்திலாயினும் ஒரு பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பத் துணிவோமாயின், அவன் கற்று முடிக்கும் நாள்வரை கைவிடோம் என்று உறுதிகொண்ட பின்னரே அனுப்புவோமாக.