மருத்துவ மேதை மோரிட்ஸ் கபோசி

நம் உடலெங்கும் ஓடும் இரத்தக் குழாய்களிலும் கட்டிகள் தோன்றுவதுண்டு. சில குழந்தைகளின் முகத்திலோ கையிலோ செக்கச் சிவந்த கட்டி ஒன்று புடைத்திருப்பதை நாம் பார்த்திருப்போம். பெரும்பாலும் அது தீங்கற்றது. முதல் ஆண்டில் வளர்ந்து, பின்னர் சில ஆண்டுகளில் தானாகவே சுருங்கிவிடும். ஆனால் உயிரைப் பறிக்கும் கட்டிகளும் உண்டு. அவற்றுள் ஒன்றை மருத்துவ உலகுக்கு விளக்கிக் காட்டியவரே மோரிட்ஸ் கபோசி.

இவர் 1837ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் ஹங்கேரி நாட்டிலுள்ள கபோஷ்வார் என்னும் ஊரில், ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் மோரிட்ஸ் கோன். வியன்னாவில் மருத்துவம் பயின்று 1861இல் பட்டம் பெற்றார். புகழ்பெற்ற தோல் மருத்துவர் ஹெப்ராவிடம் பணியாற்றி, அவருடைய மகள் மார்த்தாவை மணந்தார். கத்தோலிக்க மறையைத் தழுவினார். வியன்னாவில் கோன் என்ற பெயருடைய மருத்துவர் பலர் இருந்தமையால், 1871இல் பிறந்த ஊரின் நினைவாகக் கபோசி என்று பெயரை மாற்றிக்கொண்டார்.

1872இல் ஐந்து நோயாளிகளைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஐவரும் ஆண்கள். அவர்களுடைய கால்களிலும் கைகளிலும் கருஞ்சிவப்பு நிறத்தில் முடிச்சுகள் தோன்றிப் பரவின. இறந்த பின் சோதித்தபோது உள்ளுறுப்புகளிலும் அவை காணப்பட்டன. கபோசியால் அவர்களைக் காப்பாற்ற இயலவில்லை. நோயின் காரணமும் அவருக்குப் புலப்படவில்லை. ஆயினும் மனம் தளராது, கண்டதைக் கண்டவாறே எழுதி வைத்தார். இரத்தக் குழாய்களின் உட்சுவரோடு தொடர்புடைய புற்றுநோய் இது எனப் பின்வந்தோர் கண்டறிந்து, அவர் பெயரையே அதற்குச் சூட்டினர்.

1880இல் ஹெப்ரா மறைந்தபின், வியன்னாவின் தோல் மருத்துவத் துறைக்குக் கபோசியே தலைமை ஏற்றார். எண்ணற்ற மாணவர்களை உருவாக்கிய அவர், 1902ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் காலமானார்.

அவர் எழுதி வைத்தது வீண்போகவில்லை. 1981இல் அமெரிக்காவில் இளைஞர் பலரின் உடலில் அதே முடிச்சுகள் தோன்றின. முதியவர்களிடம் அரிதாகக் காணப்படும் நோய் இளைஞர்களுக்கு ஏன் வந்தது என மருத்துவர்கள் திகைத்தனர். எய்ட்ஸ் என்னும் கொடிய நோயை உலகம் அறிய அந்தத் திகைப்பும் ஒரு காரணமாயிற்று. 1994இல் அப்புற்றுநோய்க்குக் காரணமான வைரசும் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று எய்ட்ஸ் நோய்க்குரிய மருந்துகளை உட்கொள்ளும் பலருக்கு இம்முடிச்சுகள் சுருங்கி விடுகின்றன.

தோழியரே! தம்மால் குணப்படுத்த முடியாத ஐவரையும் கபோசி மறந்துவிடவில்லை. அவர்களுடைய துன்பத்தை அவர் கருத்தோடு கவனித்து எழுதியமையால், நூறாண்டுகளுக்குப் பின் பிறர் அந்நோயை அடையாளம் காண முடிந்தது. பலன் உடனே கிட்டாவிடினும், மேற்கொண்ட பணியைச் செம்மையாகச் செய்ய நாமும் அவரிடம் கற்றுக்கொள்வோமாக!