பிணி தீர்த்த பேராசான் அயோத்திதாச பண்டிதர்

உடற்பிணி தீர்ப்போன் வைத்தியன். அறியாமைப் பிணி தீர்ப்போன் ஆசிரியன். இவ்விரு தொழிலும் ஒருவரிடத்தே அமைதல் அரிது. அங்ஙனம் அமையப்பெற்று, தமிழ்ப் பௌத்தர்களாகிய நமக்குத் தன்ம வழியை மீளக் காட்டிய பெருமகனார் க. அயோத்திதாச பண்டிதர் ஆவார். நம் சங்கத்துச் சிறுவரும், புதிதாய்த் திரிசரணம் ஏற்றோரும் அவர்தம் வரலாற்றை அறிதல் வேண்டுமென்று இதனை எழுதத் துணிந்தோம்.

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே திங்கள் 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன் என்பவர் ஆரிங்டன் என்னும் ஆங்கிலத் துரையிடம் பட்லராக ஊழியஞ் செய்தவர். சமையற்கட்டில் பணிபுரிந்தவரேயாயினும் அவர் இல்லத்தில் பழந்தமிழ் ஏடுகள் போற்றிக் காக்கப்பட்டிருந்தன. அவ்வேடுகளுள் திருக்குறள் ஏட்டைப் பாட்டனார் தம் துரையின் வாயிலாக எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் எனப் பண்டிதரே எழுதி வைத்துள்ளார். கல்வி நமக்கு உரியதன்று என்று சொல்லித் திரிந்தோர்க்கு இஃதொன்றே தக்க மறுமொழியாகும்.

காத்தவராயன், வல்லக்காளத்தி வீ. அயோத்திதாச கவிராஜ பண்டிதரிடம் தமிழும் சித்த வைத்தியமும் கற்றார். கற்பித்த குருவின்பால் கொண்ட நன்றியினால் அவர் பெயரையே தம் பெயராகச் சூடிக்கொண்டார். வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் அறிவு பெற்றார். இளமையில் நீலகிரியில் வாழ்ந்து, பின்னர்ச் சென்னை இராயப்பேட்டையில் அமர்ந்து வைத்தியம் புரியலானார்.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். சித்த வைத்தியத்திற்கு முதற்படி நாடி பார்த்தல். நோயாளியின் மணிக்கட்டில் வைத்தியன் விரல் பதியாமல் வாத பித்த சிலேத்துமங்களின் நிலை விளங்காது. தீண்டினால் தீட்டு என்று சாத்திரம் பேசிய அக்காலத்தில், ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்த இவ்வைத்தியரிடம் பிற வகுப்பாரும் வந்து கையை நீட்டினர். பிற்காலத்தில் தமிழ்த்தென்றல் எனப் போற்றப்பெற்ற திரு. வி. கலியாணசுந்தரனார் சிறுவராயிருந்தபோது கைகால் முடங்கும் நோயால் வருந்தினார். அந்நோயைத் தீர்த்தவர் நம் பண்டிதரே. இதனைத் திரு. வி. க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். தீண்டாமை பொய் என்பதைப் பண்டிதர் மேடையேறிச் சொல்லுமுன்னரே அவருடைய விரல்கள் மெய்ப்பித்துவிட்டன.

ஆயினும், ஒருவன் உடல் நலமுற்று எழுந்த பின்னும் அவனை இழிந்தவன் என்று தெரு விலக்குமானால், அந்நோய்க்கு மருந்து யாது? பண்டிதரின் பொதுவாழ்வு இக்கேள்வியிலிருந்தே தொடங்கிற்று என்போம். 1891ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிப் பத்துத் தீர்மானங்கள் நிறைவேற்றுவித்தார். 1892இல் சென்னையில் கூடிய மகாஜன சபைக்குச் சென்று, சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் தம் மக்களை வழிபட விடுதல் வேண்டுமென்று கேட்டார். படித்த கனவான்கள் நிறைந்த அவை அக்கோரிக்கையை ஏற்க மறுத்தது.

நல்ல வைத்தியன் ஒரு மருந்து பயன்படாவிடில் நோயாளியை நோவான். நோயின் மூலத்தை மறுபடியும் ஆராய்வான். பகவன் புத்தர் துக்கத்தையும், துக்கத்தின் காரணத்தையும், அதன் நீக்கத்தையும், நீக்கும் மார்க்கத்தையும் முறையே உரைத்தாரன்றோ? பண்டிதரும் அம்முறையே சென்றார். பழைய இலக்கண இலக்கியங்களையும் நிகண்டுகளையும் ஆராய்ந்து, இழிகுலத்தார் எனப்படுவோர் பூர்வ பௌத்தரே என்றும், பௌத்தத்தைக் கைவிடாமையால் தாழ்த்தப்பட்டனர் என்றும் முடிவு கண்டார்.

முடிவு கண்டதோடு அமையாது, பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட் அவர்களை அணுகினார். 1898இல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று, வித்யோதய பிரிவேனாவின் தலைவர் சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். கிருஷ்ணசாமி என்னும் ஆசிரியரும் உடன் சென்றவராவர். திரும்பியதும் இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கம் நிறுவப்பட்டது. கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம், பெங்களூர், திருப்பத்தூர், கடல் கடந்து இரங்கூன், தென்னாப்பிரிக்கா எனத் தமிழ்த் தொழிலாளர் பிழைக்கச் சென்றவிடமெல்லாம் கிளைகள் எழுந்தன.

1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், புதன்கிழமை, 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழ் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அது 'தமிழன்' என வழங்கலாயிற்று. கூலி பெறும் ஏழையும் வாங்கத்தக்க விலை ஒரு பைசா! அதில் தன்மமும், சரித்திரமும், அரசியலும், வாசகர் வினாக்களுக்கு விடையும் இடம்பெற்றன. 'பூர்வத் தமிழொளியாம் புத்தரது ஆதிவேதம்', 'இந்திரர் தேச சரித்திரம்' முதலியன அவர் எழுதியனவே. பள்ளி வாசலை மிதியாமல் ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்தே எழுத்தறிந்த எம்போன்றோர்க்கு, இத்தகைய இதழே பள்ளிக்கூடம் என்பதை நாம் அநுபவத்தில் உணர்ந்தவர்கள்.

1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பின்போது, சாதிபேதமற்ற திராவிடர் என்றும் பௌத்தர் என்றும் பதிந்துகொள்ளுமாறு பண்டிதர் வற்புறுத்தினார். பிறர் இட்ட பெயரைச் சுமவாமை விடுதலையின் முதற்படி என்பது அவர் கொள்கை. தீண்டப்படாதார் முற்காலப் பௌத்தரே என்னும் கருத்தை அண்ணல் அம்பேத்கர் 1948இல் தம் ஆராய்ச்சி நூலில் வெளியிட்டார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் தன்மம் ஏற்றார். அதற்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே தென்னாட்டில் விளக்கேற்றியவர் நம் பண்டிதர்.

1914ஆம் ஆண்டு மே திங்கள் 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். மைந்தர் பட்டாபிராமன் இதழைச் சிலகாலம் நடத்தினார். பின்னர் அது கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. எனினும் நாடு பண்டிதரை நெடுங்காலம் மறந்தது. 1999இல் ஞான. அலாய்சியஸ் அவர்களின் முயற்சியால் அவர் எழுத்துகள் தொகுக்கப்பெற்றன. 2005இல் இந்திய அரசு அவர் உருவந்தாங்கிய அஞ்சல் தலையை வெளியிட்டது. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

சகோதர சகோதரிகளே! பெயர் பொறித்தலும் மாலை சூட்டலும் நன்றே. ஆனால் மருந்துண்போன் பத்தியம் காவாவிடில் மருந்து என் செய்யும்? தன்மம் மருந்து, சீலம் பத்தியம். நாம் பிரசாரத்தின் பொருட்டுச் செல்லும் இல்லங்கள் சிலவற்றில் புத்தர் படமும் அண்ணல் படமும் சுவரில் விளங்கக் காண்கின்றோம். அவ்வில்லங்களிலேயே பெண் கொடுக்கவும் எடுக்கவும் பேச்செழும்போது, பழைய உட்பிரிவின் பெயர் மெல்லிய குரலில் கேட்கப்படுகின்றது. நாடி பார்க்கையில் குலம் பாராத வைத்தியரை ஆசானாகக் கொண்ட நாம், மணம் பேசுகையில் குலம் பார்ப்பது தகுமோ?

அவர் பிணியறிந்தார்; மூலம் கண்டார்; மருந்தும் கொடுத்துச் சென்றார். பத்தியம் காத்தல் நம் கடன். அவர் நினைவு நாள்தோறும் ஒவ்வொரு குடும்பமும் இதனைச் சிந்திக்குமாக! எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க!