ஒரு நகரத்தை மீட்ட ஓவியர்



செத்துப்போய் 165 வருஷம் கழித்து ஒருத்தர் ஒரு ஊரையே திரும்பக் கட்ட உதவ முடியுமா? முடியும்! அவர்தான் பெர்னார்டோ பெலோட்டோ.

இத்தாலியின் வெனிஸ் நகரில் பிறந்தவர். தாய்மாமா கனலெட்டோ பெரிய ஓவியர். மாமாவிடமே தொழில் கற்றார். அந்தக் காலத்தில் லென்ஸ் வைத்த இருட்டுப் பெட்டி ஒன்று உண்டு. எதிரே உள்ள கட்டடத்தின் உருவம் அதன் வழியாகத் தாளில் விழும். அதன்மேல் கோடு போட்டால் ஜன்னல், தூண், கூரை எல்லாம் அளவோடு வரும். பெலோட்டோ அதில் கெட்டிக்காரர்.

1747இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குப் போய் அரசவை ஓவியரானார். 1760இல் பிரஷ்யப் படை அந்த நகரைப் பீரங்கியால் தாக்கியது. இவர் வீடும் அழிந்தது. மனுஷன் ஓய்ந்துபோகவில்லை. 1765இல், இடிந்து கிடந்த தேவாலயத்தை அப்படியே வரைந்தார். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அழகை மட்டுமில்லை, அழிவையும் மறைக்காமல் வரைந்தார்.

1767இல் போலந்தின் வார்சா நகருக்கு வந்தார். மன்னர் ஸ்தனிஸ்வாவுக்காக வார்சாவின் தெருக்களையும் மாளிகைகளையும் வரைந்தார். 1780இல் அங்கேயே காலமானார்.

1944இல் வார்சா மக்கள் ஹிட்லர் படையை எதிர்த்துப் போராடினார்கள். போராட்டத்தை அடக்கிய படை, தெருத்தெருவாக வெடி வைத்துத் தகர்த்தது. பழைய நகரம் மண்மேடானது.

நாஜிகள் கொண்டுபோன பெலோட்டோ ஓவியங்கள் போருக்குப் பின் திரும்பி வந்தன. அவற்றைப் பார்த்தும், போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்கள் அளந்து வரைந்த படங்களைப் பார்த்தும் நகரைத் திரும்பக் கட்டினார்கள். இடிபாட்டுச் செங்கல்லைக்கூட வீணாக்கவில்லை. 1953இல் சந்தைச் சதுக்கம் தயாரானது. 1980இல் யுனெஸ்கோ பழைய நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பெலோட்டோ சில கட்டடங்களை அழகுக்காகக் கொஞ்சம் மாற்றி வரைந்ததும் உண்டு. அதனால், இது அசலா நகலா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், எல்லாத்தையும் இழந்த சனங்களுக்குத் தங்கள் தெரு திரும்பக் கிடைத்ததே, அதுதான் பெரிசு.

நண்பர்களே! நம்ம ஊரிலும் பழைய கோயில், மண்டபம், சத்திரம் இருக்கும். அதன் சுவரில் பேரைக் கிறுக்காமல், ஒரு தாளை எடுத்து அதை அளந்து வரைவோம். மாணவர்கள் வரைந்த படம்கூட ஒருநாள் ஊருக்கு உதவும்!