மந்திரி பதவியை உதறிய டாக்டர் அம்பேத்கர்

1951-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி. சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட மந்திரி டாக்டர் அம்பேத்கர், பிரதமர் நேருவிடம் ராஜினாமா கடிதம் கொடுத்தார்.

பதவிக்காக அலைகிறவர்களைப் பார்த்துப் பழகிய நாடு இது. கையில் இருந்த பதவியை ஒருவர் ஏன் உதறினார்? பதவியை விட்டபின் எங்கே போனார்?

இதற்கு விடை தெரிய வேண்டுமானால், அவர் நடந்து வந்த பாதை முழுவதையும் பார்க்க வேண்டும். அந்தப் பாதையின் பெரும்பகுதி நமது மும்பையில்தான் இருக்கிறது. பரேலிலும், தாதரிலும் நாம் தினமும் கடந்து போகும் தெருக்கள்தான் அவை.

பரேல் வாசம்

அம்பேத்கர் 1891-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, மத்திய இந்தியாவில் மாவ் என்ற ராணுவ முகாம் ஊரில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால், ராணுவத்தில் சுபேதார். பிற்காலத்தில் குடும்பம் பம்பாய்க்கு வந்து, பரேல் பகுதியில் மில் தொழிலாளர்கள் நிறைந்த சால் ஒன்றில் குடியேறியது.

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்து, 1907-ல் மெட்ரிக்குலேஷன் தேறினார். 1912-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். பரோடா மகாராஜாவின் உதவித்தொகையில் அமெரிக்கா சென்றார். பிறகு லண்டனில் படித்தார். பொருளாதாரத்தில் உயர்ந்த பட்டங்களும், பாரிஸ்டர் பட்டமும் பெற்றுத் திரும்பினார்.

படித்தும் என்ன? லண்டன் படிப்பு முடியும் முன்பே, 1917-ல் பரோடா சர்க்காரில் உத்தியோகம் பார்த்தபோது, குடியிருக்க ஒரு வீடு கிடைக்கவில்லை. சாதி தெரிந்ததும் தங்கிய இடத்தில் இருந்து வெளியேற்றப்பட்டார். வேலையை விட்டு பம்பாய்க்கே திரும்பினார்.

பரேலில் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் கட்டிய சாலில், இரண்டு சிறிய அறைகளில் பல ஆண்டுகள் குடும்பம் நடத்தினார். உலகம் அறிந்த பிறகும் அங்கேதான் இருந்தார்.

மனுவும் போராட்டமும்

1924-ம் ஆண்டு ஜூலையில், பரேல் தாமோதர் ஹாலில் ஒரு சபையைத் தொடங்கினார். ஒதுக்கப்பட்டோர் நலச் சபை என்பது அதன் பெயரின் பொருள். கல்வி, விடுதி, வாசகசாலை, சர்க்காருக்கு மனு. இதுதான் அதன் வேலை.

மனுக்கள் பலன் தருமா என்பதற்கு மகாத் ஊர் பதில் சொன்னது. பொதுக் குளங்களை எல்லோரும் பயன்படுத்தலாம் என்று 1923-ல் பம்பாய் சட்டசபை தீர்மானம் போட்டது. மகாத் நகரசபையும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆனால் தாழ்த்தப்பட்டோர் யாரும் அந்தக் குளத்தில் இறங்க முடியவில்லை. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. தண்ணீர் குளத்தில் இருந்தது.

1927-ம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி, ஆயிரக்கணக்கானோர் பின்தொடர, அம்பேத்கர் அந்தக் குளத்துக்குச் சென்று தண்ணீர் அருந்தினார். கூட்டம் கலைந்தபோது அவர்கள் தாக்கப்பட்டார்கள். வழக்கும் தொடரப்பட்டது. 1937-ல்தான் ஐகோர்ட்டில் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. ஒரு வாய் தண்ணீருக்குப் பத்து ஆண்டு!

1930-ல் நாசிக் காளாராம் கோவில் நுழைவுப் போராட்டம் தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் நடந்தும் கதவு திறக்கவில்லை.

காந்தியுடன் மோதல்

காங்கிரசில் சேரும்படி அம்பேத்கரைப் பலர் அழைத்தார்கள். அவர் சேரவில்லை. சுயராஜ்யம் வேண்டாம் என்பது அவர் கருத்து அல்ல. அதிகாரம் யார் கைக்குப் போகும் என்பதே அவரது கேள்வி. வெள்ளையனிடம் இருந்து வாங்கிய அதிகாரம், கிராமத்துப் பெரிய மனிதர் கையில் போய்ச் சேர்ந்தால் சேரியில் இருப்பவனுக்கு என்ன லாபம் என்று அவர் நினைத்தார்.

லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குத் தாழ்த்தப்பட்டோர் பிரதிநிதியாகச் சென்றார். உடன் சென்றவர் ஒரு தமிழர். அவர்தான் ரெட்டைமலை சீனிவாசன்.

1931-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி, பம்பாய் மணி பவனத்தில் காந்தியை முதன்முதலாகச் சந்தித்தார். இருவரும் மனம் ஒத்துப் பிரியவில்லை.

தாழ்த்தப்பட்டோர் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதி முறையை 1932-ல் பிரிட்டிஷ் சர்க்கார் அறிவித்தது. காந்தி எரவாடா சிறையில் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். நாடே அம்பேத்கரை நெருக்கியது. செப்டம்பர் 24-ந் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஒப்பந்தப்படி இடங்கள் கூடின. மாகாண சட்டசபைகளில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இதில் சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. ஆனால் தேர்தல் முறை மாறிவிட்டது. முதல் சுற்றில் தாழ்த்தப்பட்டோர் ஓட்டுப் போட்டு நான்கு பேரைப் பொறுக்கலாம். அந்த நால்வரில் ஒருவரை, தொகுதியில் உள்ள எல்லா சாதியாரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். அதாவது, தன் மக்களிடம் முதலாவதாக வந்தவர், முடிவில் தோற்கலாம். இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பது பின்னால் தெரிந்தது.

செங்கொடிக் கட்சி

1936-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், சுதந்திர தொழிலாளர் கட்சியை அம்பேத்கர் தொடங்கினார். சாதியின் பெயரில் அல்ல, உழைப்பவர் பெயரில் அமைந்த கட்சி அது. கொடியும் சிவப்பு. மேல் சாதியைச் சேர்ந்த சிலரும் அதன் அபேட்சகர்களாக நின்றார்கள். 1937 தேர்தலில் பம்பாய் மாகாணத்தில் நிறுத்திய இடங்களில் பெரும்பாலானவற்றில் கட்சி வென்றது.

கொங்கண் பகுதியில், கோட் எனப்படும் இடைத்தரகர் முறையை ஒழிக்க அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தார். அதற்காக 1938 ஜனவரியில் பல்லாயிரம் விவசாயிகள் பம்பாய் சட்டசபையை நோக்கி ஊர்வலம் வந்தனர். மசோதா அன்று நிறைவேறவில்லை. 1949-ல்தான் அந்த முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது.

அதே 1938 பிப்ரவரியில், ஜி.ஐ.பி. ரெயில்வேயில் வேலை பார்த்த தாழ்த்தப்பட்ட தொழிலாளர்களின் மாநாடு மன்மாடில் நடந்தது. ரெயில்வேக்காரர்கள் அறிய வேண்டிய மாநாடு இது.

கேங்மேனாகச் சேர்ந்தவன் கேங்மேனாகவே ஓய்வு பெறுகிறான் என்பதை அம்பேத்கர் அங்கே எடுத்துக் கூறினார். போர்ட்டர் வேலைகூட ஏன் கிடைப்பதில்லை என்பதையும் விளக்கினார். அந்தக் காலத்தில் போர்ட்டர், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டிலும் வேலை செய்ய வேண்டியிருந்தது. தீண்டாதவன் என்றால் வீட்டுக்குள் விட முடியாது. ஆகவே ஸ்டேஷனிலும் வேலை இல்லை!

பம்பாய் மில்களிலும் இதே கதைதான். நெசவுப் பிரிவில் கூலி அதிகம். நாடாவில் நூல் கோர்க்கும்போது வாயால் உறிஞ்ச வேண்டும். தாழ்த்தப்பட்டவன் வாய் வைத்த நாடாவைத் தொடமாட்டோம் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். நெசவுப் பிரிவின் கதவு மூடியே கிடந்தது. சங்கத் தலைவர்கள் முதலாளியை எதிர்த்தார்கள். இந்தக் கதவை மட்டும் தட்டவில்லை.

தொழிலாளிக்கு எதிரிகள் இரண்டு, ஒன்று முதலாளித்துவம், மற்றொன்று பிராமணியம் என்று மன்மாடில் அம்பேத்கர் வகுத்தார். பிராமணியம் என்று அவர் கூறியது ஒரு சாதியாரை அல்ல. சமத்துவத்தை மறுக்கும் மனப்பான்மையை. அது எல்லா சாதியிலும் உண்டு என்றார்.

ஆயினும் அவர் ஒதுங்கி நிற்கவில்லை. வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்தும் மசோதாவை பம்பாய் காங்கிரஸ் மந்திரிசபை கொண்டு வந்தபோது, கம்யூனிஸ்டுகளுடன் சேர்ந்து 1938 நவம்பர் 7-ந் தேதி வேலைநிறுத்தம் நடத்தினார். மில் பகுதிகள் ஸ்தம்பித்தன. மசோதா சட்டமாகிவிட்டது. ஆனால் சாதியைக் கடந்து தொழிலாளர்கள் ஒன்று சேர முடியும் என்பதை அந்த ஒரு நாள் காட்டியது.

1940 ஜனவரியில் பெரியார் பம்பாய் வந்தபோது அம்பேத்கரைச் சந்தித்தார். காங்கிரசை விட்டு வெளியேறி வேறு வழி கண்டவரும், காங்கிரசில் சேராமலே வேறு வழி தேடியவரும் அன்று பேசினார்கள்.

மீண்டும் புதுக்கட்சி

யுத்த காலத்தில் நாட்டின் வருங்காலம் பற்றிப் பேச வந்தவர்கள், மத, சமூகப் பிரிவுகளின் பிரதிநிதிகளோடுதான் பேசினார்கள். தொழிலாளர் கட்சிக்கு அங்கே நாற்காலி இல்லை. 1942 ஜூலையில், நாகபுரியில் ஷெட்யூல்டு வகுப்பார் சம்மேளனம் உருவானது. அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சென்னையைச் சேர்ந்த என்.சிவராஜ்.

அதே மாதம் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை அம்பேத்கருக்குக் கிடைத்தது. 1946 வரை அப்பொறுப்பில் இருந்தார். ஆலைகளில் வேலை நேரம் வாரத்துக்கு 48 மணி என்று குறைக்கும் சட்டம் அந்தக் காலத்தில் உருவானதுதான். எட்டு மணி சங்கு ஊதியதும் தொழிலாளி வீட்டுக்குப் போக முடிந்ததில் அவருக்குப் பங்கு உண்டு.

ஆனால் 1946 தேர்தலில் சம்மேளனம் படுதோல்வி அடைந்தது. முதல் சுற்றில் முன்னணியில் வந்த அபேட்சகர்கள் பலர், இரண்டாம் சுற்றில் காங்கிரஸ் நிறுத்தியவர்களிடம் தோற்றார்கள். பூனா ஒப்பந்தத்தின் ஓட்டை அப்போது கண்ணுக்குத் தெரிந்தது.

மந்திரிசபைக்குள்

அரசியல் நிர்ணய சபைக்கு வங்காளத்தில் இருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். தேசப் பிரிவினையில் அந்த இடம் பறிபோனது. அவரது அறிவு தேவை என்று உணர்ந்த காங்கிரஸ், பம்பாயில் இருந்து அவரைத் தேர்ந்தெடுத்தது. அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானார். சட்ட மந்திரியும் ஆனார்.

வெளியே நின்று போராடியவர், உள்ளே இருந்து செய்து பார்ப்போம் என்று முயன்ற காலம் அது. பெண்களுக்குச் சொத்துரிமை, விவாகரத்து உரிமை தரும் இந்து சட்ட மசோதாவை நிறைவேற்றப் பாடுபட்டார். ஆளும் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு. மசோதா துண்டு துண்டாக்கப்பட்டு, கடைசியில் கைவிடப்பட்டது. முக்கிய துறை எதுவும் தரப்படவில்லை என்ற வருத்தமும், தாழ்த்தப்பட்டோரை அரசு கவனிக்கவில்லை என்ற மனக்குறையும், வெளிநாட்டுக் கொள்கையில் வேறுபாடும் சேர்ந்தன. ராஜினாமா செய்தார்.

அந்த மசோதாவின் பகுதிகள் 1955, 1956-ம் ஆண்டுகளில் நான்கு தனிச் சட்டங்களாக நிறைவேறின. ஆனால் அப்போது அவர் மந்திரி அல்ல.

பதவியை விட்ட சில மாதங்களில் முதல் பொதுத்தேர்தல் வந்தது. சோஷலிஸ்டு கட்சியுடன் கூட்டு சேர்ந்து வடக்கு பம்பாயில் நின்றார். அரசியல் சட்டத்தை உருவாக்கியவர், சுமார் 14,500 ஓட்டு வித்தியாசத்தில் காங்கிரஸ் அபேட்சகரிடம் தோற்றார்! 1954-ல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோல்வி. மேல்சபை உறுப்பினராகத் தொடர்ந்தார்.

கடைசி வழி

இந்துவாகப் பிறந்தது தன் கையில் இல்லை, இந்துவாகச் சாகாமல் இருப்பது தன் கையில் இருக்கிறது என்று 1935-ல் இயோலாவில் அறிவித்திருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் யோசித்தார். பல மதங்களை ஆராய்ந்தார்.

இதிலும் தமிழ்நாட்டின் தொடர்பு உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1898-லேயே சென்னையில் பௌத்த சங்கம் கண்டவர். அந்த இயக்கத்தில் ஈடுபட்ட பேராசிரியர் லட்சுமி நரசு எழுதிய பௌத்த நூலை, 1948-ல் அம்பேத்கர் தமது முன்னுரையுடன் மறுபதிப்பு வெளிவரச் செய்தார்.

1956-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி, நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களுடன் பௌத்தம் தழுவினார். சட்டத்தால் உரிமை தரலாம், ஆனால் தன்னைத் தாழ்ந்தவன் என்று நம்பும் மனத்தைச் சட்டத்தால் மாற்ற முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார்.

அரசியலையும் விடவில்லை. ஒரு சாதிக் கூட்டத்தாருக்கு மட்டும் அல்லாமல் எல்லோருக்குமான எதிர்க்கட்சியாக, குடியரசுக் கட்சி ஒன்றை அமைக்கத் திட்டமிட்டார். அதைக் காண அவர் இல்லை. டிசம்பர் 6-ந் தேதி டெல்லியில் காலமானார். உடல் விமானத்தில் பம்பாய் வந்தது. மறுநாள் தாதர் கடற்கரையில் தகனம். ஊரே திரண்டது.

நின்றதும் நிலைத்ததும்

1957 அக்டோபரில் குடியரசுக் கட்சி பிறந்தது. சென்னை சிவராஜே அதற்கும் முதல் தலைவர். நிலமற்றோருக்கு நிலம் கேட்டு 1964-ல் பெரும் கிளர்ச்சி நடத்தியது. ஆனால் தலைவர்களுக்குள் சண்டை வந்து, கட்சி பல துண்டாகச் சிதறியது. எந்தக் காங்கிரசுக்கு மாற்றாக அது தோன்றியதோ, அதே காங்கிரசுடன் சில துண்டுகள் கூட்டு சேர்ந்தன.

அம்பேத்கர் அமைத்த கட்சிகளைக் கணக்கெடுத்தால் தோல்விதான் அதிகம். அவர் தொடங்கிய கல்விக் கழகமோ நிலைத்துவிட்டது. 1946-ல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தபோது, வேலைக்குப் போகும் ஏழைப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று காலை வகுப்புகள் வைத்தார். பகலில் குமாஸ்தா, காலையில் மாணவன் என்று படித்துப் பட்டம் பெற்றவர்கள் ஏராளம்.

ஒரு வழி அடைபட்டால் வீட்டில் உட்கார்ந்துவிடுவது அவர் வழக்கம் அல்ல. மனு, குளம், தொழிலாளர் கட்சி, மந்திரிசபை, மதம் என்று ஒவ்வொன்றாக முயன்றார். எது மக்களுக்குப் பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று பார்த்தார். பயன்படாததை, அது மந்திரி பதவியாக இருந்தாலும், விட்டுவிட்டார்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 6-ந் தேதி தாதர் சைத்யபூமிக்கு லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். ரெயில்வே சிறப்பு ரெயில்கள் விடுகிறது. சிவாஜி பார்க் மைதானத்தில் அன்று கடை போட்டு அமோகமாக விற்பது புத்தகங்கள்தான். ஊருக்குத் திரும்புகிறவர்கள் கையில் சோற்று மூட்டையோடு ஒரு புத்தகமும் இருக்கிறது.