செடியின் பேச்சைக் கேட்டவர் – ஜகதீஷ் சந்திர போஸ்

இந்த மாதம் அறிவியல் பகுதியை எழுத எனக்கு வாய்ப்பு கிடைத்தது. நான் எழுதப்போவது ஒரு விஞ்ஞானியைப் பற்றி. அவர் பெயர் ஜகதீஷ் சந்திர போஸ். செடிக்கும் உயிர் உண்டு என்று காட்டியவர் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனா செடிக்கு உயிர் இருக்குன்னு நம்ம பாட்டிக்கே தெரியுமே! அப்போ அவர் புதுசா என்னதான் கண்டுபிடிச்சார்? அதைத்தான் சொல்லப்போறேன்.

போஸ் 1858 நவம்பர் 30 அன்று வங்காளத்தில் பிறந்தார். அவர் பிறந்த பகுதி இப்போது வங்காளதேச நாட்டில் இருக்கிறது. அப்பா பகவான் சந்திர போஸ் பெரிய அரசாங்க அதிகாரி. அந்தக் காலத்தில் அதிகாரிகள் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பதுதான் வழக்கம். ஆனால் அவர் தன் மகனை ஊரில் இருந்த வங்காளி மொழிப் பள்ளியில் சேர்த்தார். முதலில் தாய்மொழி தெரியணும், சொந்த மக்களைத் தெரியணும் என்பது அவர் எண்ணம். வகுப்பில் போஸுக்கு ஒரு பக்கம் அப்பாவிடம் வேலை பார்த்தவரின் பையன், இன்னொரு பக்கம் மீனவர் வீட்டுப் பையன். பறவை, மிருகம், ஆற்றில் இருக்கும் உயிர்கள் பற்றி அந்தப் பையன்கள் சொன்ன கதைகள்தான் இயற்கை மேல் தனக்கு ஆசையை உண்டாக்கியது என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார்.

இதைப் படிச்சப்போ எனக்கு ரொம்ப சந்தோஷம். ஏன்னா, தமிழ் மீடியத்துல படிச்சுட்டு எப்படி சயின்ஸ் குரூப் எடுப்பேன்னு என் சொந்தக்காரங்க சிலர் கேட்பாங்க. இனிமே கேட்டா இந்தக் கதையைச் சொல்லுவேன்.

அப்புறம் கல்கத்தாவில் படித்து, இங்கிலாந்து போனார். முதலில் மருத்துவம் படித்தார். உடம்பு சரியில்லாமல் போனதால் அதை விட்டுவிட்டு, கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் படித்தார். 1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். அங்கேதான் ஒரு அநியாயம். அதே வேலை செய்யும் வெள்ளைக்காரருக்கு முழுச் சம்பளம். இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்குதான். போஸ் தற்காலிக வேலையில் இருந்ததால் அதிலும் பாதி. அவர் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. தினமும் ஒழுங்காகப் பாடம் நடத்தினார், ஆனால் சம்பளத்தை மட்டும் தொடவே இல்லை. இப்படியே 3 வருஷம்! வீட்டில் அப்பாவின் கடன் வேறு. கடைசியில் கல்லூரி நிர்வாகம் இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் பழைய பாக்கியோடு சேர்த்துக் கொடுத்தது. அதை வைத்து அப்பாவின் கடனை அடைத்தார்.

அவர் மனைவி அபலா போஸ். இவரைப் பற்றி நம்ம பள்ளி மாணவிகள் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு இடம் கிடைக்காததால், 1882-இல் அவர் நம்ம சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தார்! உடல்நலம் கெட்டதால் முடிக்க முடியவில்லை. ஆனாலும் சோர்ந்து உட்காரவில்லை. 1919-இல் பெண் கல்விக்காக ஒரு சங்கம் தொடங்கி, கிராமங்களில் பெண்களுக்குப் பள்ளிகள் திறந்தார்.

போஸ் முதலில் செய்தது செடி ஆராய்ச்சி இல்லை. 1895-இல் கல்கத்தாவில் எல்லோர் முன்னாலும், கம்பி இல்லாமல் மின்காந்த அலையை அனுப்பி, தூரத்தில் இருந்த மணியை அடிக்க வைத்தார், வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார். அவர் உண்டாக்கிய அலைகள் சில மில்லிமீட்டர் நீளம்தான். பிறகுதான் அவர் கவனம் செடிகள் பக்கம் திரும்பியது.

நம்ம ஊரு ஏரிக்கரையில தொட்டாச்சிணுங்கியைத் தொட்டு விளையாடாதவங்க யாராவது இருக்கீங்களா? தொட்டதும் இலை ஏன் மூடுது? இலைக்காம்பின் அடியில் சின்னதா ஒரு வீக்கம் இருக்கும். அதில் உள்ள செல்களிலிருந்து தண்ணீர் வெளியே போனதும் இலை தொங்கிவிடும். ஆனா தொட்டது ஒரு இடம், மூடுறது இன்னொரு இடம். நடுவுல செய்தி எப்படிப் போகுது? மின்சார அதிர்வாகப் போகிறது என்று போஸ் கருவி வைத்துக் காட்டினார். தொட்டாச்சிணுங்கி மட்டும் இல்லை, சாதாரணச் செடிகளும் வெப்பம், குளிர், காயம், விஷம் எல்லாவற்றுக்கும் இப்படிப் பதில் சொல்கின்றன என்றார்.

செடி வளர்வதைக் கண்ணால் பார்க்க முடியாது இல்லையா? அதற்காக அவர் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியைச் செய்தார். நெம்புகோல்கள் செடியின் அசைவை 10,000 மடங்கு பெரிதாக்கி, புகை படிந்த கண்ணாடியில் கோடு போடும். ஒரு மருந்தோ உரமோ கொடுத்தால் வளர்ச்சி கூடுதா குறையுதா என்று சில நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

1901-இல் லண்டனில், சாதாரணச் செடிகளும் மின்சாரமாகப் பதில் சொல்கின்றன என்று சொன்னபோது சில பெரிய விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. இயற்பியல்காரருக்குச் செடியில் என்ன வேலை என்று ஒதுக்கினார்கள். போஸ் திரும்பத் திரும்பச் சோதனை செய்தார், புத்தகங்கள் எழுதினார். 1917-இல் தன் பிறந்தநாள் அன்று கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. 1920-இல் லண்டன் விஞ்ஞானிகள் அவர் கருவியை நேரில் சோதித்து, சரிதான் என்று ஒப்புக்கொண்டார்கள். அதே வருஷம் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1937 நவம்பர் 23 அன்று கிரிதி என்ற ஊரில் காலமானார்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. செடிகள் மின்சாரத்தால் மட்டும் பேசுவதில்லை, பெப்டைடு என்ற குட்டிப் பொருளாலும் பேசுகின்றன என்று பின்னால் தெரிந்தது. புரதம் என்பது அமினோ அமிலம் என்ற மணிகள் கோத்த நீள மாலை. அதே மணிகளில் கொஞ்சம் மட்டும் கோத்த சின்னச் சரம்தான் பெப்டைடு. 1991-இல் அமெரிக்காவில் தக்காளிச் செடியில் சிஸ்டமின் என்ற பெப்டைடைக் கண்டுபிடித்தார்கள். அதில் 18 மணிகள்தான்! புழு ஒரு இலையைக் கடித்தால் இது வேலையைத் தொடங்கும். உடனே கடிபடாத இலைகளும் புழுவுக்குச் செரிக்காதபடி செய்யும் புரதங்களைத் தயார் செய்துகொள்ளும். 1996-இல் ஜப்பானில், செல்களைப் பெருகத் தூண்டும், வெறும் 5 மணி உள்ள பெப்டைடைக் கண்டார்கள். 2018-இல் இன்னொன்று, கடுகு குடும்பத்துச் சின்னச் செடி ஒன்றில். மண் காய்ந்தால் வேர் இதை இலைக்கு அனுப்பும். இலை தன் துளைகளை மூடித் தண்ணீரை மிச்சம் பிடிக்கும்.

நம்ம பக்கம் மானாவாரிக் கொல்லைதான் அதிகம். மழை பொய்த்தால் என்ன கஷ்டம் என்று விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். வறண்ட காலத்தில் வேரும் இலையும் என்ன பேசிக்கொள்கின்றன என்று புரிந்தால், காய்ச்சலைத் தாங்கும் பயிரை உருவாக்க அது உதவும். கங்கைக்கரை நாட்டில் பிறந்தவர் தொடங்கிய வேலையை, கங்கை பேரைத் தாங்கிய நம்ம ஊர்ப் பிள்ளைகள் யாராவது தொடரலாமே. ஏன், அது நானாகவும் இருக்கலாம்!

இதைச் செய்து பாருங்கள்: ஒரு தொட்டாச்சிணுங்கி இலையின் நுனியை மட்டும் லேசாகத் தொடுங்கள். அடிவரை மூட எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை எண்ணி நோட்டில் எழுதி வாருங்கள். எல்லோருடைய கணக்கையும் சேர்த்து அடுத்த இதழில் போடலாம். செடியைப் பிடுங்கிடாதீங்க!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி,
கங்கைகொண்ட சோழபுரம்