தகரப் புனலில் அலை பிடித்தவர்

குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் போயிருக்கிறீர்களா? மலைச் சரிவில் நின்று கைப்பேசியில் பேசுவது அங்கே ஒரு வித்தை! பாறை மறைத்தால் பேச்சு அறுந்து போகும். நாலு அடி தள்ளி நின்றால் மறுபடி கேட்கும். கருவியை இப்படியும் அப்படியும் திருப்பி, எங்கே அலை நன்றாகக் கிடைக்கிறது என்று தேடுவார்கள்.

இதே வேலையை 1895-ம் ஆண்டிலேயே செய்தார் ஒருவர். சும்மா தேடவில்லை, திருப்பிய ஒவ்வொரு கோணத்திலும் அலையின் பலத்தை அளந்து எழுதினார்.

அவர்தான் ஜகதீச சந்திர போஸ்!

செடிகளுக்கும் உணர்ச்சி உண்டு என்று சொன்னவர் என்றே நம் பிள்ளைகள் அவரைப் படிக்கிறார்கள். அது பிற்காலத்துக் கதை. அதற்கு முன்பே அவர் கம்பியில்லா அலைகளைக் கட்டி ஆண்டார்.

மீனவர் மகனுடன் படித்தார்

1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி கிழக்கு வங்காளத்தில் போஸ் பிறந்தார். இன்று அது வங்காள தேசம். தகப்பனார் பகவான் சந்திர போஸ், சர்க்காரில் டிப்டி மாஜிஸ்திரேட். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட அதிகாரிகள் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்புவார்கள். இவரோ மகனை வங்காளிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். தாய்மொழி முதலில் வர வேண்டும் என்பது அவர் கொள்கை. அங்கே சிறுவன் போசின் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்களில் ஒருவன் மீனவர் மகன்.

1880-ல் டாக்டர் படிப்புக்காக லண்டன் போனார். ஏற்கனவே காய்ச்சலில் அடிபட்ட உடம்பு. பிணம் அறுக்கும் அறையின் நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் படிப்பை விட்டுவிட்டு, கேம்பிரிட்ஜுக்குப் போய் விஞ்ஞானம் படித்தார். நல்ல வேளை!

மூன்று ஆண்டு சம்பளம் வாங்கவில்லை

1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. அங்கே ஓர் அநியாயம் இருந்தது. வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு 3 ரூபாய் என்றால் இந்தியருக்கு 2 ரூபாய். போஸ் தற்காலிகம் என்பதால் அதிலும் பாதிதான்!

போஸ் சண்டை போடவில்லை. வேலையையும் விடவில்லை. தினமும் போய்ப் பாடம் நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, மூன்று ஆண்டுகள்!

வீட்டில் பணம் கொழித்ததா? இல்லை. ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்று பல தொழில்களில் இறங்கித் தகப்பனார் பெருங்கடன் பட்டிருந்தார். அந்த நிலையில்தான் 1887-ல் போஸ் அபலா என்ற பெண்ணை மணந்தார். அபலா நம் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து படித்தவர். பெண்கள் வாசல்படி தாண்டவே தயங்கிய காலம் அது. உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியவில்லை. சம்பளம் இல்லாத வாத்தியாரோடு முகம் சுளிக்காமல் குடும்பம் நடத்தினார் அந்த அம்மாள்.

கடைசியில் சர்க்கார் இறங்கி வந்தது. முழுச் சம்பளம், பழைய பாக்கியும் சேர்த்து! அந்தப் பணம் தகப்பனாரின் கடனை அடைக்கப் போயிற்று.

கட்டில் போடும் இடத்தில் ஆராய்ச்சி

கல்லூரியில் ஆராய்ச்சிக்கு வசதி கிடையாது. 24 சதுர அடி உள்ள ஒரு சின்ன அறை கிடைத்தது. ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும்! கருவி செய்ய ஒரு தகர வேலைக்காரரைப் பிடித்தார். செலவு சொந்தப் பணம்.

மின்சாரப் பொறியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அலைகள் கிளம்புகின்றன என்று ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்ட்ஸ் 1888-ல் காட்டியிருந்தார். அந்த அலைகள் மிக நீளமானவை. பெரிய பெரிய கருவிகள் வேண்டும். போஸ் யோசித்தார். அறையோ சிறியது. அலையையே சிறியதாக்கினால் என்ன?

அப்படியே செய்தார். 25 மில்லிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டர் வரை நீளம் உள்ள அலைகளை உண்டாக்கினார். 5 மில்லிமீட்டர் என்பது ஒரு நெல்மணியைவிடக் குட்டை!

அலையை வாங்குவதற்கு வாய் அகன்ற உலோகப் புனல் ஒன்று செய்தார். நம் வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற புனல் மாதிரி. சிதறி வரும் அலையை அது ஒன்றுசேர்த்து உள்ளே அனுப்பும். உள்ளே சின்னச் சின்ன எஃகுச் சுருள்கள் நெருக்கமாக வரிசையில் இருக்கும். அவற்றின் வழியாக எப்போதும் கொஞ்சம் மின்சாரம் ஓடும். அலை பட்டதும் மின்சாரம் கூடும். உடனே அளக்கும் கருவியின் முள் துள்ளும்.

இந்தப் புனலை ஒரு வட்டத் தட்டின்மேல் வைத்துக் கோணம் கோணமாகத் திருப்பினார். எந்தப் பக்கம் முள் அதிகம் துள்ளுகிறது, எந்தப் பக்கம் சும்மா நிற்கிறது என்று குறித்தார். ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் ஏடுகளுக்கு நடுவே ஈயத்தாள் செருகி, அலையின் வழியில் வைத்துப் பார்த்தார். வங்காளத்துச் சணலை முறுக்கி வைத்துப் பார்த்தார். அலை எதில் புகுகிறது, எதில் திரும்புகிறது என்பதெல்லாம் கணக்காக வந்தது.

1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் ஒரு வேடிக்கை காட்டினார். ஓர் அறையில் அலையைக் கிளப்பினார். நடுவில் உட்கார்ந்திருந்த வங்காள லெப்டினன்ட் கவர்னரின் பெருத்த உடம்பையும் சுவர்களையும் கடந்து அலை போயிற்று. 75 அடிக்கு அப்பால் ஒரு துப்பாக்கி வெடித்தது! கம்பி எதுவும் இல்லை. கூட்டம் வாயடைத்துப் போயிற்று.

இன்றைய கோபுரத்தில் அதே வேலை

2022-ல் இந்திய அரசு 5ஜி-க்காக ஏலம் விட்ட அலைகளில் ஒருவகை, ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளம் உள்ளது. போஸ் கையாண்ட அதே அளவு!

இந்தக் குட்டை அலைகளில் சேதி நிறையப் போகும். ஆனால் கை மறைத்தாலும் மரம் மறைத்தாலும் பலம் குறைந்துவிடும். ஆகையால் கோபுரத்தில் தகடு போன்ற ஆன்டெனா வைக்கிறார்கள். அதற்குள் சின்ன ஆன்டெனாக்கள் வரிசை வரிசையாக இருக்கும். தகடு அசையாது. ஆனால் மின்சாரத்தின் உதவியால் அலையை டார்ச் வெளிச்சம் போல வேண்டிய பக்கம் திருப்பும். ஒவ்வொரு திசையிலிருந்தும் வரும் அலையின் பலத்தை நம் கைப்பேசி அளந்து கோபுரத்துக்குச் சொல்லும். நல்ல திசை எதுவோ அதைக் கோபுரம் பிடித்துக்கொள்ளும். இந்த அலைக்காகச் செய்த கைப்பேசியில் இரண்டு மூன்று பக்கங்களில் குட்டித் தகடுகள் உண்டு. விரல் ஒன்றை மறைத்தால் இன்னொன்று வேலை செய்யும். போஸ் கையால் திருப்பினார். இன்று நாம் கண் இமைப்பதற்குள் கருவியே திருப்பிக்கொள்கிறது.

முதலாளி வந்தார், போஸ் மறுத்தார்

1901-ல் போஸ் லண்டனில் இருந்தார். தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர் காகிதத்தோடு தேடி வந்தார். கண்டுபிடிப்பை ஊருக்குச் சொல்லாமல் பதிவு செய்யலாம், லாபத்தில் பாதி தருகிறேன் என்பது பேச்சு. போஸ் மறுத்துவிட்டார். இதை நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்கு எழுதினார். பணத்தின் சக்கரத்தில் சிக்கினால் மீள முடியாது என்று அவர் பயந்தார். கடனின் கொடுமையை வீட்டில் பார்த்து வளர்ந்தவர் இப்படி முடிவு செய்தது ஆச்சரியந்தான்!

நண்பர்கள் வற்புறுத்தியதால் ஒரே ஒரு கருவிக்கு அமெரிக்காவில் உரிமை கேட்டார். 1904-ல் கிடைத்தது. அதிலும் பணம் பண்ணவில்லை.

1901 டிசம்பரில் இத்தாலியர் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த அலையைப் பிடித்து உலகப் புகழ் பெற்றார். அன்று அவர் வைத்திருந்த பாதரசக் கருவியைப் போன்ற ஒன்றைப் போஸ் 1899-லேயே லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பியிருந்தார். 1909-ல் நோபல் பரிசு மார்க்கோனிக்கும் பிரவுன் என்ற ஜெர்மானியருக்கும் போயிற்று. மார்க்கோனியின் உழைப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் போசின் பெயரை அன்று யாரும் சொல்லவில்லை என்பது நமக்கு வருத்தமே.

அதற்குள் போஸ் செடிகளின் பக்கம் போய்விட்டார். 1917-ல் கல்கத்தாவில் சொந்தமாக ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். 1937 நவம்பர் 23-ந் தேதி, 79-வது பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கிரிடி என்ற ஊரில் காலமானார். அபலா அம்மையார் 1951 வரை இருந்து, பெண் கல்விக்காகப் பாடுபட்டார்.

அந்தப் புனலும் அளவுக் கருவிகளும் கல்கத்தாவில் போஸ் நிலையத்தில் பத்திரமாக இருக்கின்றன.