வெரியர் எல்வின்: தலையிடாமையின் எல்லை

வேற்றுலகில் உயிர்களைக் காணும் மாந்தர் அவற்றின் வாழ்வில் கைவைக்கலாமா என்பது அறிவியல் புனைகதைகளின் பழைய வினாக்களுள் ஒன்று. எச்.ஜி. வெல்ஸ் 1898இல் செவ்வாய்க்கோளினரைப் பூமிமேல் படையெடுக்கச் செய்தபோது, ஐரோப்பியரால் அழிந்த தாசுமேனிய மக்களைத் தொடக்கத்திலேயே நினைவூட்டினார். ஓலாஃப் ஸ்டேபிள்டன் 1937இல் எழுதிய ‘ஸ்டார் மேக்கர்’ நாவலில், அறிவு முதிர்ந்த உலகத்தார் இளைய உலகத்தார்க்குத் தம்மைக் காட்டாமலே ஒதுங்கிநிற்கின்றனர். 1966இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடர் இவ்வொதுக்கத்தையே விண்கலத் தலைவர்க்குரிய தலையாய விதியாக்கியது.

கதையில் விதி எழுதுதல் எளிது. இம்மண்ணிலேயே அதனை எழுதி, தாமே மீறி, மீண்டும் திருத்தியவர் வெரியர் எல்வின். பழங்குடியினரை வேற்றுக்கோள் உயிர்களோடு ஒப்பிடுவது முறையோ எனில், இங்கே அயலவர் அவர்களல்லர். விண்கலத்தினின்று இறங்கியவர் எல்வினே.

1902இல் இங்கிலாந்தின் டோவர் நகரில் ஒரு பேராயரின் மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கற்றுச் சமயப்பணி பூண்டு 1927இல் இந்தியா வந்தார். புனேயில் தங்கியிருந்தபோது காந்தியடிகளின்பால் ஈடுபட்டார். ஆங்கில அரசின் ஐயத்துக்கும் ஆளானார். 1932இல் நண்பர் சாம்ராவ் ஹிவாலேயுடன் மண்டலா மாவட்டத்துக் கரஞ்சியா சிற்றூரில் கோண்டு மக்களிடையே குடியேறிப் பள்ளியும் மருந்தகமும் நடத்தினார். அம்மக்களை மதம் மாற்ற ஒருப்படாமையால் திருச்சபையோடு பிணக்குற்று, 1935இல் அதனின்றும் விலகினார். அவர்தம் தலையிடாமை நெறியின் முதற்படி இதுவே எனலாம்.

அண்டை மலைகளில் வாழ்ந்த பைகர்களைப் பற்றி 1939இல் அவர் வெளியிட்ட பெருநூல்தான் அவரைப் புகழுக்கும் பழிக்கும் ஒருங்கே உரியவராக்கியது. ஏர்பூட்டி உழுதல் நிலத்தாயின் மார்பைக் கிழிப்பதாகும் என்பது பைகர் நம்பிக்கை. காட்டை வெட்டி எரித்துச் சாம்பலில் விதை தூவும் அவர்தம் வேளாண்மையை வனச்சட்டங்கள் தடுத்து, 1890இல் ஒரு சிறு வட்டாரத்துக்குள் ஒடுக்கின. இரும்புருக்கும் அகரியர்களையோ உலைவரியும் ஆலை இரும்பும் நலிவித்தன. இவற்றைக் கண்ட எல்வின், பைகர்க்கெனத் தேசியப் பூங்கா போன்றதொரு காப்புநிலம் வேண்டுமென்றார். வட்டிக்கடைக்காரரும் மதப்பணியாளரும் அதனுள் தம் விருப்பம்போல் நுழையலாகாது என்றார். மனிதரை விலங்குக்காட்சியில் அடைப்பதா எனத் தேசியவாதிகள் சினந்தனர். சமூகவியலறிஞர் குர்யே 1943இல் தனிநூலே எழுதி மறுத்தார். அச்சினத்தில் நியாயமும் இருந்தது. பூங்காவுக்கு வேலி எங்கே அமைய வேண்டுமெனப் பைகரை யாரும் கேட்டாரில்லை.

வேலியை வகுத்தவரே அதன் உள்ளே வாழ்ந்தார் என்பதையும் மறத்தலாகாது. 1940இல் கோசி என்னும் கோண்டு குலப்பெண்ணை மணந்தார். பதின்பருவத்தினளான அவளினும் அவர் இருபதாண்டுக்கு மேல் மூத்தவர். 1949இல் அம்மணம் முறிந்தது. பின்னர் லீலா என்னும் பிரதான் இனப்பெண்ணை மணந்து இறுதிவரை இல்வாழ்ந்தார்.

1954இல் இந்தியக் குடிமகனாகி, இன்று அருணாசலப் பிரதேசம் எனப்படும் வடகிழக்கு எல்லைப்புறப் பகுதியின் பழங்குடியினர் நல ஆலோசகரானார். 1957இல் அப்பகுதிக்கான ஆட்சிநெறியை நூலாக்கினார். 1959ஆம் ஆண்டுப் பதிப்புக்கு நேரு முன்னுரை வழங்கினார். பழைய பூங்கா இதில் இல்லை. மாற்றம் வரட்டும், ஆனால் மெல்ல வரட்டும், அம்மக்களின் கைவழியே வரட்டும், நிலமும் காடும் அவர்களுக்கே உரியனவாகட்டும் என்பதே இந்நூலின் சாரம். அயலார் அனுமதிச்சீட்டின்றி நுழைவதைத் தடுத்து ஆங்கிலேயர் 1873இல் வகுத்த உள்கோடும் நீடித்தது.

இந்நூற்கொள்கை நெசவில் எவ்வாறு நின்றது என்பது காஞ்சி மாநகரத்தார்க்கு எளிதில் விளங்கும். அம்மலைப் பெண்டிரின் தறிக்குக் குழியுமில்லை, சட்டமுமில்லை. பாவின் ஒருமுனையைத் தூணில் கட்டி, மறுமுனையை இடுப்புவாரில் பிணைத்து, உடலைப் பின்சாய்த்தே இழையை விறைப்பாக வைத்து நெய்வர். குழித்தறியில் கோர்வைக்கரை பிணைக்கும் கைகளுக்கு இது வியப்பளிக்கும். ஆலைத்துணி வந்ததும் அத்தறிகள் ஓய்ந்த செய்தியோ வியப்பளிக்காது. மலைவாழ் சிறார்க்கு உள்ளூர்த் துணியே உடையாகட்டும், உருவங்களை வெளியார் திருத்தலாகாது என்று எல்வின் வற்புறுத்தினார். 1959இல் அக்கலைகள் பற்றித் தனிநூலும் படைத்தார். எனினும், நெய்பவளின் மகள் தறியைவிட்டு எழ விரும்பினால், அழகின் பெயரால் அவளை அமர்த்த யாருக்கு உரிமையுண்டு? உருவங்களின்பால் எல்வின் கொண்ட காதல் இவ்வினாவைச் சில இடங்களில் மறைத்துவிட்டது என்றே கூறல் வேண்டும்.

1962இல் சீனப்போர் மூண்டது. சாலைகளும் படைகளும் மலையேறின. மெல்ல என்னும் சொல்லுக்கு அங்கே இடமின்றிப் போயிற்று. 1964 பிப்ரவரி 22ஆம் நாள் எல்வின் தில்லியில் மறைந்தார். அவர்தம் தன்வரலாறு அவ்வாண்டே வெளிவந்து, 1965இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. மலைகளும் மக்களும் நிறைந்த அந்நூலில் கோசிக்குக் கிடைத்தவை சில வரிகளே.